நூறோடு நின்ற பட்டியல்

என் தம்பிக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். வைத்தது நான்தான். அப்போது அவனுக்கு ஆறு வயது. ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும் வராததுமாக, டீச்சர் நாற்காலியோடு மாடிப்படியில் உருண்டு வந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி வருகைப் பதிவு எடுத்தார் என்று சொன்னான். அம்மா பதறியடித்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். டீச்சர் அன்று லீவு.

அவன் பொய்யன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவள் நான். தனக்கு ஏதாவது கிடைக்கும் என்று அவன் எதையும் மாற்றிச் சொன்னதில்லை. நடந்ததைக் கொஞ்சம் ஊதிச் சொல்வான், அவ்வளவுதான். பேருந்து பத்து நிமிடம் தாமதம் என்றால் அவன் வாயில் அது முக்கால் மணி நேரம். தெருமுனையில் ஒரு நாய் துரத்தினால் வீடு வந்து சேர்வதற்குள் அது மூன்று நாயாகியிருக்கும். பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பது எங்கள் குடும்பத்துக்குப் பழகிப்போனது. கல்யாணமான புதிதில் அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இவர் சொல்றதுல எவ்வளவு நம்பலாம்?" என்று கேட்டாள்.

"சமையல் நல்லா இருக்குன்னு சொன்னா மட்டும் நம்பாத. மத்ததெல்லாம் பாதி" என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான் அவனுக்கு நேர்மாறு. ஒரு வார்த்தை கூட்டியும் பேச மாட்டேன், குறைத்தும் பேச மாட்டேன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டவள்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் சிறிய மருத்துவமனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பாதுகாத்துத் தருகிறது. கை ஒடிந்தவருக்கு ஓர் ஊரில் படம் எடுத்தால், வேறோர் ஊரில் இருக்கும் எலும்பு டாக்டர் தன் மேசையில் இருந்தபடியே பார்க்கலாம். படங்கள் எல்லாம் கிளவுடில் இருக்கும். கிளவுட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கோ யாருடைய கட்டடத்திலோ நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர்கள். கண்ணால் பார்க்க முடியாது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்றே ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு. முறைப்படி கேள்வியை எழுதி அனுப்பினால் பதில் வரும்.

தினமும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் முப்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதி வைத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு அது தானாக ஓடும். சர்வரின் பெயர், தொடங்கிய தேதி, தொடங்கியவர், இப்போதைய நிலை என்று ஒரு பட்டியல் எல்லோருடைய மெயிலுக்கும் போய்ச் சேரும். கடைசி வரியில் மொத்த எண்ணிக்கை. அதை எழுதியபோது எங்களிடம் இருந்தவை நாற்பத்து மூன்று சர்வர்கள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதன் பிறகு ஸ்கிரிப்டை நான் திறந்து பார்க்கவே இல்லை.

தம்பியை அங்கே சேர்த்துவிட்டவளும் நான்தான். அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அலுவலகமே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. பட்டியலுக்கு 'அக்கா லிஸ்ட்' என்று பெயர் விழுந்தது. ஏதாவது ஒரு சர்வரைப் பற்றி வாக்குவாதம் வந்தால், "அக்கா லிஸ்ட்ல இருக்கா?" என்பார்கள். இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. அதேபோல் என் வாயிலிருந்து 'ரேடியோ' என்ற பெயரும் அலுவலகத்துக்குப் பரவியது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ரேடியோன்னா பரவால்ல, ரிப்பேர் ரேடியோன்னுதான் சொல்லக்கூடாது" என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவனுடைய வேலை பேக்கப். படங்கள் இருக்கும் பெரிய சர்வருக்கு ஏதாவது ஆனால் எடுத்துக் கொடுப்பதற்கு, தினமும் ஒரு நகல் பத்திரமாக இருக்க வேண்டும். வாயளவுக்குக் கையும் சுறுசுறுப்பு. ஐந்து வருடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்த வருடம் புதிதாகப் பல மருத்துவமனைகள் எங்களிடம் வந்தன. சர்வர்கள் கூடிக்கொண்டே போயின. ஒருநாள் காலைப் பட்டியலின் கடைசி வரியில் நூறு என்று வந்தது. மேலாளர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "செஞ்சுரி அடிச்சாச்சு!" என்று கத்தினார். கேக் வாங்கி வந்தார்கள். என்னைத்தான் வெட்டச் சொன்னார்கள். மறுநாளும் நூறு. அதற்கடுத்த வாரமும் நூறு. ஐந்து வாரம் நூறிலேயே நின்றது. அதற்கிடையில் இரண்டு மூன்று பேர் புது சர்வர் தொடங்கியிருப்பதாகச் சொன்னது என் காதில் விழுந்ததுதான். பழையது ஏதாவது போயிருக்கும், கணக்கு சரியாகியிருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. உண்மையைச் சொன்னால், எதுவுமே நினைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு மதியம் சாப்பிடும்போது தம்பி பேசிக்கொண்டிருந்தான். அவன் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவர் அங்கேயே முகச்சவரம் செய்து முடித்துவிட்டாராம். அந்தக் கதைக்கு நடுவில் எங்கோ, "எதையும் ஒண்ணை மட்டும் நம்பக் கூடாதுக்கா. நம்ம பேக்கப்பே எனக்குச் சந்தேகமா இருக்கு. நான் தனியா ஒரு காப்பி ஓட விட்டிருக்கேன். அடுத்த வாரம் உனக்கு முறையா எழுதிக் கொடுக்கிறேன்" என்றான். நான் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பாதியில் இதுவும் போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பெரிய சர்வர் நின்றது. உள்ளிருந்த படங்கள் எதையும் படிக்க முடியவில்லை. பேக்கப்பைத் திறந்தோம். பதினொரு நாள் பழையது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் பெயருக்குக் கோப்பாக இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. பேக்கப் எடுக்கும் நிரல் மட்டும் தினமும் 'முடிந்தது' என்று எழுதி வைத்திருந்தது. பதினொரு நாளில் அறுநூற்று நாற்பது பேரின் படங்கள்.

நிறுவனத்தின் விதிப்படி, எது பழுதானதோ அதைக் கவனிப்பவரின் லாகினை விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்திவைப்பது என் வேலை. ஒன்பதரை மணிக்குத் தம்பியின் லாகினை நான் நிறுத்தினேன். அவன் தன் மடிக்கணினியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். முகத்தில் பெரிய கலவரம் இல்லை.

"பயப்படாதக்கா. நான் தனியா எடுத்த காப்பி இருக்கு" என்றான்.

பத்து மணிக்குக் கூட்டம். நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். மேலாளர் எழுந்து நின்றுகொண்டே பேசினார்.

"உங்க பொறுப்புதானே பேக்கப்? பதினோரு நாளா காலியா ஓடுறது உங்களுக்குத் தெரியலையா?"

"சந்தேகம் வந்துச்சு சார். அதனாலதான் ஒரு வாரத்துக்கு முன்னாடி தனியா ஒரு சர்வர் போட்டு, பெரிய சர்வர்ல இருந்த எல்லாத்தையும் அதுக்கு இழுத்துட்டேன். புதுசா வர்றதும் அங்க போயிட்டே இருக்கு. பதினோரு நாளும் அதுல இருக்கும். பரண்னு பேரு வச்சிருக்கேன்."

"பரணா?"

"வீட்டுல காணாமப் போறதெல்லாம் அங்கதானே சார் கிடக்கும்?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். கிளவுடின் கணக்குக்குள் நேரடியாக நுழைந்து பார்க்கும் உரிமை அவருக்கும் எனக்கும் மட்டும்தான். மற்றவர்கள் தங்கள் லாகினில் சர்வர் தொடங்கலாம், அவ்வளவுதான்; தம்பியின் லாகினும் இப்போது நின்றிருந்தது. அவருக்கு அதன் கடவுச்சொல்லே ஞாபகம் இருக்காது.

"பாருங்க, இருக்கான்னு."

நான் ஸ்கிரிப்டை ஓட விட்டேன். பட்டியல் சுவரில் இருந்த திரையில் விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பரண் என்று எதுவும் இல்லை. பட்டியலுக்குள் பெயரைக் கொடுத்தும் தேடினேன். இல்லை.

"இல்ல சார்" என்றேன்.

தம்பி எழுந்தே விட்டான். "நல்லா பாருக்கா. மொத்தம் எத்தனை காட்டுது?"

"நூறு."

"சரியா நூறா? அக்கா, ஒரு நிமிஷம், அது வந்து..."

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். இவளுடைய தம்பி என்பதால்தான் இவனுக்கு இங்கே வேலை என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இப்போது இவள் அவனுக்கு வக்காலத்து வாங்குவாளா மாட்டாளா என்று காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. நான் நேர்மையானவள் என்று காட்ட வேண்டியிருந்தது.

"போதும்டா. இது வீடு இல்ல. ரேடியோவை ஆஃப் பண்ணு" என்றேன்.

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டான். நாற்காலியை மெதுவாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மேலாளர் கேட்டதற்கெல்லாம், "சரி சார்", "ஆமா சார்" என்பதோடு முடித்துக்கொண்டான்.

மதியம் மாடிப்படியில் என்னைப் பிடித்தான். மற்றவர்கள் யாரும் இல்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவை பிரவுசர்ல கணக்கைத் திறந்து பாரேன். உன் ஸ்கிரிப்ட் வழியா இல்லாம. ஒரு நிமிஷ வேலை."

"பார்த்துட்டேன்" என்றேன்.

நான் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, மருத்துவமனைகள் கத்திக்கொண்டிருந்தன, எனக்கு அவசரம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் என் பட்டியலை இன்னொன்றோடு ஒத்துப்பார்ப்பது, அதுவும் அவன் சொல்லி, எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை அவனே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினான். அந்த அறுநூற்று நாற்பது பேரையும் மருத்துவமனைகள் திரும்ப அழைத்து மறுபடி படம் எடுத்தன. இடுப்பு எலும்பு முறிந்த தன் அம்மாவை நான்கு மாடி நாற்காலியில் வைத்து இறக்கியதாகவும், திரும்பவும் அதையே செய்யச் சொல்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா என்றும் ஒரு பெண் தொலைபேசியில் என்னிடம் கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். மனதுக்குள் தம்பியைத் திட்டினேன்.

அவன் குடும்பத்தோடு ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் வேறோர் ஊருக்குப் போனான். டயர் கிடங்கு ஒன்றில் சரக்கு வரவு, போக்கைப் பதிவு செய்கிற வேலை. நான் போன் செய்தால் எடுப்பான். "நல்லா இருக்கேன்க்கா." "சாப்பிட்டாச்சுக்கா." "வேலை இருக்கு, வைக்கட்டுமா?" அம்மா மட்டும் ஒருநாள், "என்னடி, அவன் பேச்சே சுரத்தா இல்ல? போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல வர மாட்டேங்குது" என்றாள். வேலை போன வருத்தம், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளவுட் நிறுவனத்திலிருந்து ஒரு வழக்கமான அறிவிப்பு மெயில் வந்தது. பராமரிப்புக்காக உங்கள் சர்வர்களில் கீழ்க்கண்டவற்றை அடுத்த வாரம் ஒருமுறை நிறுத்தித் தொடங்குவோம் என்று நான்கு பெயர்கள். மூன்றாவது பெயர் பரண்.

நான் முதலில் என் பட்டியலைத்தான் திறந்தேன். அந்தப் பழக்கம் அப்போதும் விடவில்லை. அதில் இல்லை. பிறகு பிரவுசரில் கணக்கைத் திறந்தேன். நூற்றுப் பதினேழு சர்வர்கள் என்று பக்கத்தின் உச்சியில் இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

ஸ்கிரிப்டைத் திறந்து ஏபிஐயின் விளக்கக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தது: ஒரு கேள்விக்கு அதிகபட்சம் நூறு சர்வர்களைத்தான் சொல்லும். அதற்குமேல் இருந்தால் பதிலின் கடைசியில் ஒரு நீளமான எழுத்துக் கோவை வரும். அதைச் சேர்த்து மறுபடியும் கேட்டால் மிச்சத்தைச் சொல்லும். பழையவை முதலில், புதியவை கடைசியில். அந்த எழுத்துக் கோவையை நான் ஆரம்பத்திலேயே பார்த்திருக்கிறேன். நாற்பத்து மூன்று சர்வர்கள் இருந்த காலத்தில் அந்த இடம் வெறுமையாக வரும்; பட்டியலின் அடியில் ஒரு காலி வரி அசிங்கமாகத் தெரிகிறது என்று நானேதான் அதை வெட்டிவிடும்படி எழுதியிருந்தேன்.

சரிசெய்ய இரண்டு வரி போதுமானதாக இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பரணுக்குள் போனேன். பதினொரு நாளும் வரிசையாக, நாளுக்கு ஓர் உறையாக இருந்தன. ஒன்றைத் திறந்தேன். யாரோ ஒருவருடைய மணிக்கட்டு. இன்னொன்று, ஒரு குழந்தையின் நெஞ்சு. அறுநூற்று நாற்பதும் இருந்தன. யாரும் கேட்காமல், மூன்று மாதமாக அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். மூன்று நாள் அலுவலகத்தில் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை காலைப் பட்டியல் நூற்றுப் பதினேழு என்று போனதும் ஒருவர் மட்டும், "என்னக்கா, ஒரே நாள்ல பதினேழு கூடிருச்சு?" என்று கேட்டார். "ஸ்கிரிப்டைக் கொஞ்சம் புதுப்பிச்சேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு லேசாக மூடிவிட முடிந்தது. மூடியே வைத்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். வியாழக்கிழமை சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை. என் கணவர், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். அவரிடம் சொன்னேன். "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

வெள்ளிக்கிழமை மேலாளரின் அறைக்குப் போனேன். கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

"இப்ப எதுக்கு இதைக் கிளறணும்? எல்லாரும் மறந்தாச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க காதுக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"அன்னைக்கு பதினாலு பேர் முன்னாடி அவனைப் பேச விடாம பண்ணினேன் சார். அந்தப் பதினாலு பேருக்காவது தெரியணும்."

"உங்க பேரும் கெடும்."

"கெடட்டும்."

மேசைக்குத் திரும்பி, கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் மெயில் எழுதினேன். 'பரண் என்ற சர்வர் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. படங்கள் எல்லாம் அதில் உள்ளன. என் ஸ்கிரிப்ட் முதல் நூறோடு நின்றுவிட்டது. என் தம்பி சொன்னது முழுக்க உண்மை. தவறு என்னுடையது.' அனுப்பிவிட்டு இடி விழும் என்று காத்திருந்தேன். ஆறு பேர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள். ஒருவர், 'தகவலுக்கு நன்றி' என்று எழுதினார். மற்றவர்கள் திறந்தார்களா என்றே தெரியாது. அன்று அவனைப் பார்த்துச் சிரித்த சத்தம் கண்ணாடிக் கதவுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். இதற்கு ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வேலை இருக்கிறது என்பான் என்று பயம். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்கக்கா" என்று சொன்னவள், என் முகத்தைப் பார்த்ததும், "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். தம்பி உள்ளே தரையில் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூட ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தான்.

உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னேன். நூறு, அதற்குமேல் இருந்தவை, வெட்டிவிட்ட கடைசி வரி, பரண், எல்லாம். மெயில் அனுப்பியதையும் சொன்னேன். அவன் நாடா கோப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"சரியா நூறுன்னு நீ சொன்னப்பவே தெரியும். ஏபிஐ நூறு நூறாத்தான் கொடுக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன்."

மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று, "இன்னொண்ணு இருக்குடா. அன்னைக்கு மாடிப்படியில, பிரவுசர்ல பார்த்துட்டேன்னு சொன்னேன்ல... நான் பார்க்கல" என்றேன்.

"அதுவும் தெரியும். பார்த்திருந்தா இருந்திருக்குமே."

மிகச் சாதாரணமாகச் சொன்னான். ஒரு ஷூவை முடித்து மற்றதை எடுத்துக்கொண்டான்.

"அப்ப ஏன்டா அன்னைக்கே சண்டை போடல? மேலாளர்கிட்ட போய்க் கத்தியிருக்கலாமே?"

"நீயே பார்க்கலைன்னப்புறம் யார்கிட்டக்கா போய்க் கத்துறது?"

அதுவரை சுவரோரம் நின்றுகொண்டிருந்த அவன் மனைவி அப்போதுதான் பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, அவனைப் பார்த்துத்தான் பேசினாள். "அப்ப நீங்க சொன்னது நிஜமா?"

அவன் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"நான் கேட்டேனே. வந்த முதல் வாரமே கேட்டேனே, நிஜமா வச்சிருந்தீங்களா இல்ல இதுவும் கதையான்னு."

"வச்சிருந்தேன்னுதானே சொன்னேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்..." அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "அக்கா பார்த்துட்டு இல்லைன்னு சொல்லியிருக்காங்க, அவங்க பொய் சொல்லுவாங்களான்னு கேட்டேன்க்கா. பிள்ளையைக் கூட்டிட்டு எங்க அம்மா வீட்டுல போய் ரெண்டு வாரம் இருந்தேன். வேலை போனதுக்கு இல்ல, மறைச்சுப் பேசுறாரேன்னு. உங்க வார்த்தையை வச்சுக்கிட்டுதான் இவரை நான் அவ்வளவு பேசினேன்."

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் நான் என் தம்பியின் வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி எழுந்து உள்ளே போனான். அவன் குரல் தாழ்வாகக் கேட்டது. "விடு. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுல்ல. அழாத, பிள்ளை வந்துடுவா." நான் அந்த அறையில் தனியாக நின்றேன். நாடா கோத்த ஷூ இரண்டும் சுவரோரம் ஜோடியாக இருந்தன. உள்ளே போய் அவளிடம் ஏதாவது சொல்லலாம் என்று இரண்டு அடி வைத்தேன்; திரும்பி வந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன். ரயில் நிலையம் வரை தம்பி வந்தான். நிறுவனம் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொன்னேன். முந்தின நாள்தான் மேலாளரிடம் போராடி அதை வாங்கியிருந்தேன்.

"வேண்டாம்க்கா. இங்க பழகிடுச்சு."

"என்னை நாலு வார்த்தை திட்டிடுடா. மனசு ஆறும்."

"யாருக்கு?" என்றான். சிரித்தபடிதான் கேட்டான். வண்டி வந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் மனைவியும் வந்தாள். அவள் என்னிடம் பழையபடி பேசுகிறாள், சில சமயம் பழையதைவிட அன்பாகவே பேசுகிறாள். குற்றத்தில் பங்காளிகளைப் போல இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் நானும் தம்பியும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அம்மாவின் கைப்பை. இரண்டு மணி நேரம். அவன் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன், சொன்னான். என் கணவரின் முதுகு வலியைப் பற்றிக் கேட்டான்; சொன்னேன். எல்லாம் உள்ளது உள்ளபடி. ஒன்றுக்கு ஒன்றரையாகக்கூட எதையும் அவன் சொல்லவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து, "நோயாளி கூட இருக்கிறது யாரு? கையெழுத்துப் போடணும்" என்றார்.

"அக்கா இருக்காங்க, அவங்க போடுவாங்க" என்றான் தம்பி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க போங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்றான்.

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசியவன். வேண்டுமென்றே சொன்னானா, வாய் தானாக அப்படிப் பழகிவிட்டதா என்று தெரியவில்லை. ஏன்டா இப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை; மரியாதை கொடுக்காதே என்று ஒருவனிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் எழுந்து உள்ளே போனேன். நர்ஸ் காட்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். அம்மா கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள்.

"தம்பி எங்கடி?" என்று கேட்டாள்.

"வெளியேதான் இருக்கான்மா. கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, அவனைக் கூப்பிடப் போனேன்.